கரையில் வாழ்பவர்களை அகற்றிவிட்டு எந்த ஆற்றை மீட்கப் போகிறோம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையின் ஏரிக்கரைகளில் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. கையுறை போட்டுக்கொண்டு ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையேற்றுகிறார்கள், பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறார்கள், பனை விதை ஊன்றுகிறார்கள். இவர்களில் பலர் 2015 வெள்ளத்தின்போது பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்தவர்கள். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களும் உண்டு. நகரம் நீரில் மூழ்குவதையும், அதே நகரம் நீரின்றித் தவிப்பதையும் நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்த தலைமுறை இது. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவர்களின் தவிப்பு நேர்மையானது. அதைக் கேலி செய்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. போங்கள், இன்னும் நிறைய பேரை அழைத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் போகும்போது ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். இந்த நீர்நிலையை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்?

இந்தக் கேள்விக்கு நகரத்தின் பொதுப்புத்தி ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறது: கரையில் குடிசை போட்டிருப்பவர்களிடமிருந்து. கூவம் நாறுவதற்கும் அடையாறு குறுகியதற்கும் கரையோர மக்களே காரணம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போல நம்பப்படுகிறது. அந்த மக்களில் பெரும்பான்மையினர் தலித்துகள் என்பதையும், இந்த நகரத்தின் வீடுகளைக் கட்டி, தெருக்களைக் கூட்டி, மூட்டை தூக்கி வாழ்பவர்கள் அவர்கள்தான் என்பதையும் அந்தப் பொதுப்புத்தி பேசாது. 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

உண்மையில் சென்னையின் நீர்நிலைகளை யார் ஆக்கிரமித்தார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்ப்போம். மயிலாப்பூரின் நெடிய ஏரியை 1920களில் வற்றவைத்து, வசதியானவர்கள் வாழ மாம்பலத்தில் தியாகராய நகரை உருவாக்கியது அரசு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டமும் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்கே இன்றைக்கும் ஒரு பகுதியின் பெயர் 'லேக் ஏரியா'. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருக்கின்றன. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலமாக நீள்கிறது. மதுரைக்குப் போனால், உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் நிலத்தில் எழுந்திருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதில்லை. 'வளர்ச்சி', 'உள்கட்டமைப்பு' என்று அவற்றுக்கு வேறு பெயர்கள் உண்டு.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்வோம். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, கடைசியில் வந்து சேரும் இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்ததாக மதிப்பிடப்படும் அந்த நிலத்தில், 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,248 ஹெக்டேர். இடைப்பட்ட காலத்தில் மாநகராட்சி பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. அரசின் ஆய்வு நிறுவனங்கள், ரயில் நிலையம், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் சதுப்பிலும் அதன் விளிம்பிலும் முளைத்தன. இவ்வளவு நிலத்தைத் தின்றது குடிசை இல்லை. சதுப்பை ஒட்டிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்குத் தரப்பட்ட அனுமதி 2025இல் உயர் நீதிமன்றம் வரை போனது. அடுக்குமாடிக்கு வழக்கு, வாய்தா, ஆய்வுக் குழு என்று காலம் கிடைக்கிறது. குடிசைக்குப் பொக்லைன் இயந்திரம்தான் கிடைக்கிறது.

இந்தக் கதையின் மிகக் கொடுமையான பகுதி இனிமேல்தான் வருகிறது. கூவம், அடையாறு கரைகளில் இருந்து 'நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள்' என்று அகற்றப்பட்டவர்கள் எங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மூன்றும் பள்ளிக்கரணையின் நீர் வடியும் தாழ்வான பகுதியைச் சேர்ந்தவை. நீர்நிலையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வெளியேற்றிய மக்களை, இன்னொரு நீர்நிலையின் வடிநிலத்தில் அரசே கட்டிக்கொடுத்த அடுக்கங்களில் குடியேற்றியிருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கனமழை பெய்தால் செம்மஞ்சேரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் செய்தி இப்போதும் தொலைக்காட்சியில் வருகிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் இடம் மாற்றினோம் என்று சொல்வதற்கு எந்த முகம் இருக்கிறது?

இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவுக்குத் தூக்கி எறியப்பட்டதால் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். கல்வியாண்டின் நடுவில் அகற்றப்பட்ட பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று சொல்லி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஒருவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு இறந்தார். ஒரு நீர்நிலையை மீட்டதற்காக இந்த நகரம் எழுதிய கணக்கில் அந்தச் சாவும் சேர வேண்டும்.

தூய்மை என்ற சொல்லின் மீது நமக்கு ஏன் எப்போதும் சந்தேகம் என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. வரலாறு அப்படி. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்துக்குச் சென்று நீர் அருந்தினார். நகராட்சி ஏற்கெனவே சட்டப்படி எல்லோருக்கும் திறந்துவிட்ட பொதுக்குளம் அது. அதன் பிறகு ஆதிக்கச் சாதியினர் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணமும் கோமியமும் கலந்து குளத்தில் ஊற்றினார்கள். மனிதர் தொட்டால் தீட்டு, மாட்டுச் சாணம் தூய்மை என்ற அந்த மூளைதான் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தபோது நம் நினைவுக்கு வந்தது. இந்த மண்ணில் நீரைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசும் எவரும் சாதியைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது. 'அழகான நகரம்', 'சுத்தமான ஆற்றங்கரை' என்று திட்ட அறிக்கைகள் பேசும்போது, அந்த அழகுக்கு இடையூறாக யார் கருதப்படுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

தன்னார்வம் என்ற சொல்லையும் இப்படித்தான் உரசிப் பார்க்க வேண்டும். நீர்நிலைப் பாதுகாப்பு பற்றிய மேடைகளில் 'குடிமராமத்து' என்ற சொல் பெருமையோடு ஒலிக்கிறது. 2017இல் தமிழ்நாடு அரசே அந்தப் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. ஊரே கூடி ஏரியைத் தூர்வாரிய பொற்காலம் என்று அதைச் சித்திரிக்கிறார்கள். அந்த ஊரில் யார் மண் சுமந்தார்கள், யார் கரையில் நின்று கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை. நீர்கட்டி, நீர்பாய்ச்சி என்று பெயர் பெற்று மடை திறந்தவர்கள், இரவில் கரை காத்தவர்கள் பல ஊர்களில் தலித்துகள். அந்த ஏரி பாய்ந்த வயலில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. அந்த உழைப்பு தானாக வந்ததும் அல்ல. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவரப்பட்டது, ஏரி, கால்வாய்களைச் செப்பனிட ஊர் மக்களைக் கட்டாயப்படுத்துவதற்காக. வழக்கம் என்ற பெயரில் வாங்கப்பட்ட உழைப்புக்குச் சாதி இருந்தது.

இன்றைக்கும் அந்தப் பிரிவினை தொடர்கிறது. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் குப்பை அள்ளினால் அது சமூக சேவை. சான்றிதழும் டீசர்ட்டும் புகைப்படமும் கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் அதே குப்பையை அள்ளினால் அது சாதித் தொழில். கிடைப்பது ஒப்பந்தக் கூலியும் அவமதிப்பும். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஏரிகளைச் சுத்தம் செய்யத் திரளும் தன்னார்வலர்களில் எத்தனை பேர் அந்தப் பன்னிரண்டு இரவுகளில் ஓர் இரவாவது அங்கே போய் உட்கார்ந்தோம்? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். கூவத்தில் ஓடும் கழிவு, அவர்கள் இறங்கிச் செத்த அதே குழாய்களின் மறுமுனை. ஆற்றைப் பற்றிப் பேசுவதும் அவர்களைப் பற்றிப் பேசுவதும் ஒரே வேலைதான்.

அப்படியானால் தன்னார்வலர்கள் என்ன செய்யலாம்? கோடையில் கூவத்திலும் அடையாற்றிலும் ஓடுவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர். கரையில் நின்று பிளாஸ்டிக்கைப் பொறுக்குவதால் அது நிற்காது. எந்தக் குழாய் எங்கே வந்து விழுகிறது, அந்தக் குழாய் எந்தக் குடியிருப்பிலிருந்து, எந்த நிறுவனத்திலிருந்து வருகிறது என்று நடந்தே கண்டுபிடித்து வரைபடமாக்குங்கள். மழைநீர் வடிகாலில் கழிவுநீரைக் கள்ளத்தனமாக இணைத்திருப்பவர்கள் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராமக் கணக்கின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, உங்கள் ஏரியின் எல்லை எதுவரை இருந்தது, அது யார் பெயருக்கு எப்போது மாறியது என்று பாருங்கள். இருபது பேர் ஒரு மாதத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது. நூறு சாக்குக் குப்பையைவிட இந்த ஒரு வரைபடத்துக்குத்தான் அதிகாரம் பயப்படும்.

கரையில் வாழும் மக்களிடம் முதலில் போய் உட்காருங்கள். வெள்ளம் எந்தப் பக்கம் ஏறும், எந்த மதகு அடைத்திருக்கிறது, இரவில் எந்த லாரி வந்து கழிவைக் கொட்டுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைவிட நல்ல காவலர்கள் எந்த ஆற்றுக்கும் கிடைக்க மாட்டார்கள். அவர்களைக் கேட்காமல் தீட்டப்படும் எந்த மீட்புத் திட்டத்துக்கும் உங்கள் உழைப்பைத் தராதீர்கள். கரையில் இருப்பது உண்மையிலேயே ஆபத்து என்றால், அதே வட்டாரத்துக்குள், வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில், அவர்கள் சம்மதத்தோடு மாற்று வீடு தர வேண்டும் என்று நீங்களும் சேர்ந்து கேளுங்கள். உங்கள் நிகழ்ச்சிக்காகத் தூய்மைப் பணியாளர்களின் ஞாயிறு விடுமுறையைப் பறிக்காதீர்கள். நீங்கள் கட்டிய சாக்குகளை லாரியில் ஏற்றுவதும் உங்கள் வேலைதான். மழைக்காலத்தில் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போங்கள். பள்ளிக்கரணையின் நீர்வழி அடைபட்டால் முதலில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபையைப் போல, அங்கே எந்த வாக்காளரும் எழுந்து கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் காலி நாற்காலிகளோடு நடக்கும் அந்தக் கூட்டத்துக்கு, ஏரியைச் சுத்தம் செய்த அதே ஐம்பது பேரும் கரையோர மக்களும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கழிவுநீர்க் குழாயையும், கலங்கலை அடைத்த கட்டடத்தையும், இடிக்கப்பட்ட வீட்டையும், தூய்மைப் பணியாளரின் நிரந்தரப் பணியையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுக்கலாம்.

மகாடில் திரண்டவர்கள் கேட்டது தாகத்துக்கு ஒரு கை நீர் மட்டுமல்ல. பொதுக்குளம் என்றால் அதில் எங்களுக்கும் உரிமை உண்டு என்பதைத்தான் கேட்டார்கள். நகரத்தின் ஆறும் ஏரியும் சதுப்பும் பொதுச்சொத்து என்று நாம் சொல்லும்போது, அந்தப் பொதுவில் கூவத்தின் கரையில் பிறந்தவரும் இருக்கிறாரா என்பதே சோதனை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும்போது கரையோரத் தெருவில் முதலில் நில்லுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.