இரண்டு சாவிகள்

சிரிக்கச் சிரிக்கப் பார்த்த படமே பின்னர் நெஞ்சைக் கனக்கச் செய்வதும் உண்டு. பில்லி ஒயில்டர் 1960-இல் அளித்த 'தி அபார்ட்மெண்ட்' அத்தகையது. அதனை எத்தனை முறை கண்டாலும் நமக்குச் சலிப்பதில்லை.

நியூயார்க்கில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களுள் ஒருவன் பாக்ஸ்டர். மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குத் தன் வீட்டுச் சாவியை இரவல் கொடுத்தே பதவியில் உயர்கிறான். லிப்ட் இயக்கும் பிரானிடம் அவனுக்கு அன்பு. கிறிஸ்துமஸ் விருந்தன்று, அவன் தன் புதுத் தொப்பியின் அழகைப் பார்க்க அவள் ஒரு சிறு கண்ணாடியை நீட்டுகிறாள். அதிலே ஒரு விரிசல். தன் வீட்டில் கண்டெடுத்து அதிகாரியிடம் அவன் சேர்ப்பித்த அதே கண்ணாடி! ஒரு சொல்லும் இன்றி யாவும் அவனுக்கு விளங்கிவிடுகிறது. அதுகாறும் சிரித்த நாமும் வாயடைத்துப் போகிறோம்.

அதிகாரி மீண்டும் வீட்டுச் சாவியைக் கேட்கிறார். பாக்ஸ்டரோ அலுவலகத்தில் உயர் அதிகாரிகளுக்கே உரிய தனிக் குளியலறையின் சாவியைக் கொடுத்துவிட்டு, வேலையையும் துறக்கிறான். காதலினும் பெரிதாக அவன் அங்கே மீட்டுக்கொண்டது தன்மானத்தையே என்று நாம் கருதுகிறோம்.

சிறந்த படத்துக்கானது உட்பட ஐந்து ஆஸ்கார் பரிசுகள் இதற்குக் கிட்டின. ஒயில்டரும் 1933-இல் நாஜிகளின் ஆட்சி வந்ததும் பெர்லினை விட்டு அயல்நாடு சென்றவர். பெருநகரின் தனியறைத் தனிமை அவர் அறியாததன்று. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நாமும் அறியாததன்று. பதவி உயர்வுக்கு எந்தச் சாவியை ஈடாகத் தரலாகாது என்பதையும் நாம் அறிந்திருத்தல் நன்று.