அழைப்பவர்க்கும் பங்குண்டு

1995 சூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். இந்நாட்டின் முதற் கைப்பேசி அழைப்பு அதுவே. அன்று செல்வர்தம் கையில் மட்டும் விளங்கிய அக்கருவி, இன்று பனமரத்துப்பட்டியில் அரளி பயிரிடும் உழவர் சட்டைப் பையிலும் ஒலிக்கிறது. அதன் நன்மையை மறுப்பார் யார்? ஆயினும், ஓடும் வண்டியில் அது ஒலிக்குங்கால் நன்மையே நஞ்சாகி விடுகிறது.

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் லாரிகளும், பேருந்துகளும், பூ மூட்டை சுமந்த இரு சக்கர வண்டிகளும் ஒருங்கே விரைகின்றன. தோளுக்கும் காதுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கியவாறு, கழுத்தைச் சாய்த்தபடியே செல்லும் இளைஞரைக் காணாத நாளில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். அழைப்பவர் யாரெனத் திரையை நோக்க மூன்று நொடி ஆயின், 50 மீட்டர் தொலைவைக் கண்மூடிக் கடந்ததாகவே பொருள்.

“கையில் ஏந்தவில்லை, காதில்தான் மாட்டியுள்ளேன்” என்பார் சிலர். இஃது ஏற்புடைத்தன்று. கனடா நாட்டின் டொரன்டோ நகரில், விபத்துக்குள்ளான ஓட்டுநர் 699 பேரின் கைப்பேசி அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் இருவர் முடிவு வெளியிட்டனர். பேசுகையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் ஏந்தாது பேசுவதால் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்றும் அவர்கள் கண்டனர். கை விடுபட்டாலும் மனம் விடுபடுவதில்லை அன்றோ!

2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், கைப்பேசியைக் கையில் ஏந்தி வண்டி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலுள் சேர்த்தது. முதற் குற்றத்திற்கே சிறைத் தண்டனையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது இடந்தருகிறது. சட்டம் கையைக் காண்கிறது. மனத்தை எங்ஙனம் காணும்? மேலும் அது ஓட்டுநரை மட்டுமே பிடிக்கிறது. மறுமுனையில் பேச்சை நீட்டிப்பவரை அது தீண்டுவதில்லை.

எனவே, எஞ்சியது மனச்சான்று ஒன்றே. “சரக்கு எங்கே வருகிறது?” என்று மணிக்கொரு முறை வினவும் லாரி உரிமையாளர், “எப்போது வருவாய்?” என ஏங்கும் தாய், வேடிக்கைக்காக அழைக்கும் நண்பர் ஆகிய யாவரும், தாம் அறியாமலேயே ஓட்டுநரின் கவனத்தைப் பறிக்கின்றனர். பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்து, மறதியால் விளையும் கேட்டை அரசர்க்கு உணர்த்தினார் வள்ளுவர். அவ்வறம் இன்று வண்டி ஓட்டுபவர்க்கும், அவரை அழைப்பவர்க்கும் உரியது. உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிறர் உயிரும் அவ்வாறே.

மாணவச் செல்வங்களே! அழைத்தவுடன் “வண்டியில் செல்கின்றீர்களா?” என முதலில் வினவுங்கள், ஆம் எனில் அப்பொழுதே துண்டியுங்கள். நீங்கள் வண்டி ஓட்டுகையில் கைப்பேசி ஒலித்தால், ஓரமாக நிறுத்திய பின்னரே எடுங்கள். விடுபட்ட அழைப்பை மீண்டும் பெறலாம். விடுபட்ட உயிரை மீட்க எவராலும் இயலாது.