பத்தே நாளில் எழுதிய இசைக்கு ஆஸ்கர்!

கிழிந்த சட்டை, பிய்ந்துபோன பூட்ஸ், பசியில் ஒட்டிய வயிறு. ஆனாலும் நடையில் மிடுக்கு குறையவில்லை. விசிலடித்தபடியே முகாமுக்குள் அணிவகுத்து வருகிறார்கள் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்த விசில் மெட்டை எங்காவது கேட்டிருப்பார்கள்.

அது 1914-ல் வெளியான ‘கர்னல் போகி’ என்ற ராணுவ இசை. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் அதற்குக் கொச்சையான வரிகளைப் போட்டுப் பாடினார்கள். படத்தில் பாட முடியாது, அதனால் விசில்! அந்த விசிலோடு மெல்லச் சேர்ந்து, முழு ஆர்க்கெஸ்ட்ராவாக எழும்பும் இன்னொரு மெட்டும் உண்டு. அதை எழுதியவர் மால்கம் ஆர்னால்டு.

டிரம்பெட் பையன்

இங்கிலாந்தில் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர் நார்த்தாம்ப்டன். அங்கே ஷூ தயாரிக்கும் குடும்பத்தில், 1921 அக்டோபர் 21-ல் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார் ஆர்னால்டு. 12 வயதில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஜாஸ் வாசிப்பில் மயங்கி, டிரம்பெட்டைக் கையில் எடுத்தார். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் படித்து, 20 வயதுக்குள் லண்டன் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம்பிடித்தார். விரைவிலேயே முதன்மை டிரம்பெட் கலைஞரும் ஆனார்.

இடையில் ராணுவத்தில் சேர்ந்தார். சண்டைக்குப் போனவரை பேண்டு வாசிக்க வைத்தார்கள். வெறுத்துப்போய், தன் காலிலேயே சுட்டுக்கொண்டு வெளியே வந்தார்! அந்த முரட்டுத்தனம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்து வாசித்தவர் என்பதால், எந்த வாத்தியத்தால் என்ன முடியும் என்பது அவருக்கு அத்துப்படி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு வேகமாக எழுதிக் குவித்தார். தானே கோலைப் பிடித்து நடத்தி ஒலிப்பதிவும் செய்தார்.

இலங்கையில் ஒரு பாலம்

அந்த வேகத்துக்கு வந்த பெரிய சோதனைதான் ‘க்வாய்’. இயக்குநர் டேவிட் லீன் படத்தைப் பெரும்பாலும் இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில் களனி ஆற்றங்கரையில் எடுத்தார். கதை நடக்கும் இடமோ தாய்லாந்து-பர்மா ‘மரண ரயில்பாதை’. நிஜத்தில் அந்தப் பாதைக்காக மலேயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். படம் அவர்களின் கதையைச் சொல்லவில்லை.

இசைக்கு ஆர்னால்டிடம் தரப்பட்ட அவகாசம் பத்தே நாள். எழுதி முடித்தார். 1958-ல் அந்தப் படம் வாங்கிய ஏழு ஆஸ்கர்களில் ஒன்று அவருடையது.

வாக்குவம் கிளீனர் கச்சேரி

குறும்புக்கும் குறைவில்லை. 1956-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த நகைச்சுவைக் கச்சேரிக்கு அவர் எழுதிய இசையில் மூன்று வாக்குவம் கிளீனர்கள், தரையைப் பளபளப்பாக்கும் ஒரு மெஷின், நான்கு துப்பாக்கிகள்! அதை அவர் சமர்ப்பித்தது அமெரிக்க முன்னாள் அதிபர் ஹூவருக்கு. ஹூவர் என்பது வாக்குவம் கிளீனர் பிராண்டின் பெயரும்கூட.

1969-ல் ‘டீப் பர்ப்பிள்’ ராக் குழுவும் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரே மேடை ஏறின. நீளமுடி இளைஞர்களோடு வாசிப்பதா என்று ஆர்க்கெஸ்ட்ராவில் சிலர் முகம் சுளித்தார்கள். நடத்துநர் ஆர்னால்டு அவர்களை அதட்டி, வாசிக்க வைத்தார்.

‘இன்னும் ஓரிரு வருடம்தான்!’

சிரிக்க வைத்தவரின் வாழ்க்கை உள்ளுக்குள் இருண்டுகொண்டே போனது. மனநோய், குடி, இரண்டு முறை மணமுறிவு, தற்கொலை முயற்சி, மருத்துவமனை வாசம். சினிமாக்காரர், எளிதில் முணுமுணுக்கும் மெட்டு போடுபவர் என்று விமர்சகர்களும் அவருடைய சிம்பொனிகளை இளக்காரமாகவே பார்த்தார்கள். 1984-ல் மருத்துவர்கள் கைவிரித்தார்கள். இன்னும் ஓரிரு வருடம்தான் என்றார்கள்.

அப்போது அவரைப் பார்த்துக்கொள்ள வந்தார் ஆண்டனி டே. சாப்பாடு, மருந்து, பேச்சுத்துணை என எல்லாம் அவர்தான். கெடு சொன்ன அந்த ஓரிரு வருடத்துக்குள், 1986-ல் தன் ஒன்பதாவது சிம்பொனியை எழுதி முடித்து, அதை டேக்குச் சமர்ப்பித்தார் ஆர்னால்டு. ஏறக்குறைய பாதி நேரம் அதன் கடைசிப் பகுதிக்கே போகிறது. மிக மெதுவாக, துக்கமாக நகர்ந்து, முடிவில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம்போல அமைதியான ஸ்வரக்கூட்டில் வந்து நிற்கிறது. அது மேடை ஏற 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ‘சர்’ பட்டம் வந்தது.

மருத்துவர்கள் சொன்ன கெடுவைத் தாண்டி இரண்டு பத்தாண்டுகள் வாழ்ந்து, 2006 செப்டம்பர் 23-ல், 84 வயதில் மறைந்தார் ஆர்னால்டு. அன்று மாலை பிராட்ஃபோர்டு நகரில் அவருடைய இசையில் அமைந்த ‘தி த்ரீ மஸ்கிடியர்ஸ்’ பாலே நாட்டியத்தின் முதல் காட்சி. அரங்கேற்றம் நிற்கவில்லை.

அடுத்த முறை அந்த விசிலைக் கேட்டால், பின்னால் வரும் மெட்டுக்கும் கொஞ்சம் காது கொடுங்கள். அது ஆர்னால்டு!