கீபோர்டுக்கு ‘டிஜிட்டல் இன்புட்’ வேண்டுமாம்!



வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிரார்த்தனைக் கூடத்திலுள்ள பழைய சிந்தசைசர் கீபோர்டில் டிஜிட்டல் ஆடியோ இன்புட் பொருத்த 30,000 ரூபாய் திரட்டுகிறீர்கள். லேப்டாப்பில் ஓடும் பின்னணி இசை அதன் வழியாகச் ‘சுத்தமாக’ வரும் என்று மெக்கானிக் சொன்னாராம். நான் இதை எதிர்க்கிறேன். பழைய பஞ்சாங்கம் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தத் துளை எதற்கு? சிடி காலத்தில் சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்/பிடிஐஎஃப் முறையில், ஒலியை எண்களாகவே உள்ளே வாங்குவதற்கு. சிடி என்றால் வினாடிக்கு 44,100 அளவுகள். வெளி ஒலியைக் கீபோர்டுக்குள் பதிந்து, அதையே கட்டைகளில் வாசிப்பவர்களுக்கு அது உண்மையாகவே உதவும். நம் பிள்ளைகளோ பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கிறார்கள். எண்ணாக உள்ளே போனது வெளியே வரும்போது மறுபடி அனலாக் ஆகித்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. நம் கூடத்து ஸ்பீக்கரில் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு நானே வேட்டி சட்டை எடுத்துத் தருகிறேன்.

மெக்கானிக் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு டிஜிட்டல் கருவிகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். லேப்டாப் 48,000 என்றும் கீபோர்டு 44,100 என்றும் ஓடினால் ஒத்தே போகாது. எண் ஒன்றாக இருந்தும் கடிகாரம் இழுத்தால் நடுவே ‘டிக், டிக்’ என்று வெட்டும். போதாததற்கு நம் லேப்டாப்பில் டிஜிட்டல் அவுட்புட்டே கிடையாது. அதற்கு வேறு ஒரு பெட்டி வாங்க வேண்டும்!

எனக்குக் கோபம் கம்பெனிகள் மீதும்தான். 2001-இல் வந்த யமஹா மோட்டிஃபையே பாருங்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர், டிஜிட்டல் இன்புட் வேண்டுமென்றால் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும். அதே இடத்தில் செருக எம்-லேன் என்று இன்னொரு கார்டும் விற்றார்கள். அது ஃபயர்வயர் கம்பியை நம்பியது. இன்று கடையில் விற்கும் லேப்டாப்பில் அந்தத் துளையைக் காட்டுங்கள் பார்ப்போம். 1983-இல் எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொண்ட மிடி மட்டும் இன்றைக்கும் வேலை செய்கிறது. பொதுவாக வைத்தது நின்றது, தனித்தனியாக விற்றது போயிற்று. இப்போது அந்தப் பழைய கார்டைத் தேடி நாம் காசு கொடுக்க வேண்டுமா?

லேப்டாப்பை இணைத்தால் ‘உம்ம்ம்’ என்று இரைகிறதே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒளியிழைக் கம்பியில் மின்சாரம் பாயாது, அதனால் அந்த இரைச்சல் வராது என்பது உண்மைதான். ஆனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும், சில நூறு ரூபாய். கீபோர்டின் முதுகில் அனலாக் இன்புட் ஏற்கெனவே இருக்கிறது. தூசி தட்டினால் தெரியும்.

இடது பக்கம் மூன்று கட்டைகள் அழுத்தினால் எழுவதில்லை. பெடல் அறுந்து இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பாட்டு வகுப்பு எடுக்க ஆளும் இல்லை. 30,000 ரூபாயில் கட்டைகளைச் சரிசெய்து பெடல் வாங்கி, மிச்சத்தில் இரண்டு மூன்று மாதம் வாரம் ஒரு நாளாவது ஒருவரை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் ஒரு சாதாரணக் கேபிளோடு வருகிறேன். லேப்டாப்பை யாராவது கொண்டு வாருங்கள். சார்ஜர் வேண்டாம்.