ஆயுட்கால அரியணை எதற்கு?

மூலநிரலைப் பூட்டி வைக்காதே, எவரும் படிக்கட்டும், பழுது கண்டால் எவரும் திருத்தட்டும் என்று முழங்கியவர்கள் திறமூல மென்பொருளார். ஏட்டை மறைத்து எசமானராய்த் திரியும் முறையை வெறுக்கும் நாம், அந்த முழக்கத்தை வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, ஏடு திறந்த அதே வீட்டில் அரியணையும் ஒன்று கிடந்ததே!

பைத்தான் என்னும் நிரல்மொழியை 1991-இல் வெளியிட்டவர் டச்சுக்காரரான கைடோ வான் ரோசம். 1995-இல் தோழர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? 'கருணைமிகு சர்வாதிகாரி' - அதுவும் வாழ்நாள் முழுமைக்கும்! விளையாட்டாகச் சூட்டினராம். விளையாட்டுத்தான், எனினும், இருபதாண்டுக்கு மேல், மொழியில் எது நுழையலாம், எது கூடாது என்று முடிவுகட்டியது அந்த விளையாட்டுப் பட்டம்தானே!

"நல்லவர் ஆண்டால் என்ன?" என்பர் நண்பர்கள். நல்லவர்தான், மறுக்கவில்லை. அந்த நல்லவரையே அரியணை என்ன பாடுபடுத்திற்று? ஒரு மதிப்பைக் கணக்கிடும்போதே அதற்குப் பெயரிட ஒரு குறி வேண்டுமா என்று 2018-இல் வழக்கெழுந்தது. முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த சின்னஞ்சிறு குறி! அதற்கா அத்தனை பூசல்? பூசல் குறியைப் பற்றியது மட்டுமன்று. ஒருவர் தலையில் எல்லாத் தீர்ப்பையும் சுமத்தினால், எல்லா ஏச்சும் அத்தலையில்தானே விழும்? குறியை ஏற்றார், ஏச்சையும் ஏற்றார், ஜூலை 12 அன்று, போதுமென்று பட்டத்தைத் துறந்தார். வாரிசையும் குறிக்கவில்லை.

வீடு இடிந்ததா? இல்லை! மையப் பணியாளர்கள் ஏழு திட்டங்களை எடைபோட்டு, டிசம்பரில் வாக்களித்தனர். ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு பிறந்தது. ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர் இருவருக்கு மேல் அதில் அமரக்கூடாது. பணமூட்டை பின்வாசல் வழியே வந்து பட்டம் கட்டிக்கொள்ளக்கூடாதல்லவா! நம்பிக்கை இழந்தால், மூன்றில் இரு பங்கினர் வாக்களித்து இறக்கிவிடலாம்.

"பிடிக்காதவர் நிரலைப் படியெடுத்துத் தனியே போகட்டுமே" என்பது அடுத்த வாதம். அந்த உரிமை உண்டு, பேருரிமைதான் அது. ஆனால், ஊரில் நீதி கேட்பவனிடம், வேறு ஊர் கட்டிக்கொள் என்பது விடையாகுமா?

1993-இல் தோன்றிய டெபியன், 1998-லேயே தனக்கொரு சட்டம் எழுதிக்கொண்டது. அங்கே தலைவருக்கு ஆண்டுதோறும் தேர்தல். அவர் முடிவை உறுப்பினர் வாக்கால் மாற்றலாம்; அவரையே விலக்கவும் செய்யலாம். எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த இயலாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

பைத்தானின் முதல் குழு 2019 பிப்ரவரியில் தேர்வாயிற்று. வென்ற ஐவருள் ஒருவர் யார்? கைடோ வான் ரோசமேதான்! பட்டமின்றி வந்தார், வாக்குப் பெற்றார், ஐவருள் ஒருவராய் அமர்ந்தார்.