ஓட்டு வீட்டுக்கும் மூச்சு வேணும்!

"இன்னுமா ஓட்டு வீட்டை மாத்தலை?" கல்யாணம், காதுகுத்து என்று நாலு சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இதைக் கேட்டுக் கேட்டே, நல்லா இருக்கிற கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடனை வாங்கி கான்கிரீட் போடுகிறார்கள். கடன் என்று ஆண்கள் சொன்னாலும் முதலில் அடகுக் கடைக்குப் போவது நம்ம கழுத்துச் சங்கிலிதானே தோழிகளே!

என் நாத்தனார் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அஞ்சு பவுன் போய், தளம் வந்தது. சித்திரை, வைகாசியில் ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் அந்தத் தளத்துச் சூடு இறங்குவதில்லை. குழந்தைகளோடு வாசலில் பாய் போட்டுப் படுக்கிறார். நகை இன்னும் மீளவில்லை.

"ஓடு ஒழுகுது, மரத்தைக் கரையான் தின்னுடுச்சு, வேற என்ன செய்யறது?" என்கிறார்கள். கரையான் வந்ததற்கு ஓடா காரணம்? கூரைக்குக் காற்று போகிற வழியையெல்லாம் நாமே அடைக்கிறோமே, அதைச் சொல்லுங்கள். எலி வருது என்று சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற சந்துகளைச் சிமென்ட் வைத்துப் பூசுகிறோம். தூசி கொட்டுது என்று ஓட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் தாளோ, பி.வி.சி. அட்டையோ அடித்து அழகு பார்க்கிறோம். அதற்கு மேலே ஒழுகினால் கண்ணுக்கே தெரியாது. சமையல் ஆவியும் மழை ஈரமும் வெளியே போக முடியாமல் மரத்திலேயே தங்கும். ஈரமும் இருட்டும் இருந்தால் கரையானுக்குக் கேட்கவா வேண்டும்?

சீமை ஓடு என்று நாம் சொல்கிற மங்களூர் ஓட்டுக்கு 1865ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள்தான் முதல் தொழிற்சாலை வைத்தார்கள். ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்கிற ஓடு அது. மழைத் தண்ணீர் உள்ளே வராது; ஆனால் மேலே ஏறுகிற சூடான காற்று இடுக்கு வழியாக வெளியே போய்விடும். மரம் காய்ந்தபடியே இருக்கும். அந்த வழியை அடைத்துவிட்டு ஓட்டைக் குறை சொல்வது என்ன நியாயம்?

சந்தை அடைக்காமல் கம்பி வலை அடியுங்கள். எலியும் வராது, காற்றும் போகும். கீழே அட்டை அடித்தே ஆகணும் என்றால் இரண்டு பக்கமும் காற்று போக இடைவெளி விட்டு, ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி வையுங்கள். அடுப்படிக்குப் புகைபோக்கி அவசியம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி, ஆவணி, புரட்டாசியிலேயே ஒரு நாள் கூரை வேலைக்கு ஒதுக்குங்கள். நடுப்பகலில் கதவு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் விரிசல் விட்ட ஓட்டில் வெளிச்சம் தெரியும். அங்கே கரியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ரீப்பர் கட்டை வழியாக ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும். ஓட்டின் பள்ளத்தில் அடைத்திருக்கிற வேப்பிலை, புளிய இலையைக் கூட்டித் தள்ளணும். உச்சியில் முகட்டு ஓட்டுக்கு வைத்த பூச்சு வெடித்திருந்தால் புதிதாகப் பூசணும். ஓட்டு அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், இடிக்கிற வீடுகளில் அதே அச்சு ஓடு கிடைத்தால் பத்து, இருபது வாங்கிப் போடுங்கள்.

மரம் சுவரில் ஏறுகிற இடத்தில்தான் கரையான் மண் முதலில் தெரியும். சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் பூசணும். எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் பூசுவார்கள். கையில் பட்டால் புண்ணாகிவிடும், ஜாக்கிரதை.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் வந்தபோது எங்கள் பக்கம் முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தது. ஓட்டு வீடுகளும் அடி வாங்கின, மறுக்கவில்லை. காற்று முதலில் கிளப்புவது ஓரத்து ஓட்டையும் முகட்டு ஓட்டையும்தான். அதனால் அவை ஆடாமல் இருக்கின்றனவா என்று வருஷா வருஷம் பார்க்கணும். உத்திரம் வளைந்து, சுவர் வெடித்துவிட்டது என்றால் பேச்சே இல்லை, பிரித்துத்தான் கட்டணும். உயிர்தான் முக்கியம்.

கான்கிரீட் போட்டாலும் கவனிப்பு இல்லாமல் முடியாது. மாடியில் தண்ணீர் போகிற குழாய் அடைத்து, விரிசல் வழியாக ஈரம் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சு பெயர்ந்து விழும். எந்தக் கூரையானாலும் சின்னப் பழுதைச் சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

எங்கே சொட்டுது, எங்கே மண் உதிருது என்று பகல் முழுக்க வீட்டில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். ஆனால் திண்ணையில் கொத்தனாரோடு உட்கார்ந்து முடிவெடுப்பது ஆண்கள்; நாம் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறோம். இனிமேல் அந்தத் திண்ணையில் நாமும் உட்காருவோம். "ஒரு தடவை பழுது பார்த்துட்டு அப்புறம் இடிக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்று சொல்வோம். சங்கிலி கழுத்திலேயே இருக்கும்!

- ஒரு குடும்பத் தலைவி, பண்ருட்டி.