பிள்ளையின் காதுக்குப் பிழை போடாதீர்கள்

சென்ற தவணைப் பரீட்சையில் நான்காந் தரத்து ஆங்கில வினாத்தாளில் ஒரு கேள்வி வந்தது. ஒரே ஓசையில் முடியும் சொற்களைக் கோடிட்டு இணைக்க வேண்டும். இடப்பக்கத்தில் 'சொன்னான்' என்று பொருள்படும் செட். வலப்பக்கத்தில் 'பணம் செலுத்தினான்' என்னும் பெய்ட், 'சிவப்பு' என்னும் ரெட், இன்னும் சில. ஒரு பிள்ளை செட்டை ரெட்டோடு இணைத்திருந்தது. பிழை போடப்பட்டது. தரப்பட்ட விடையின்படி செட் சேரவேண்டியது பெய்ட்டோடு. இரண்டிலும் கடைசி மூன்று எழுத்துகளும் ஒன்றாம்!

பிள்ளை தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தது.

"சேர், செட் எண்டு சொல்லக்குள்ள ரெட் மாதிரித்தானே கேக்குது? பெய்ட் மாதிரிக் கேக்கல்லையே?"

பிள்ளை சொன்னதே சரி. விடையைத் தயாரித்தவர்தான் பிழை. இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். "ஒரு புள்ளிதானே, விடுங்க சேர்" என்றார் ஒரு நண்பர். விட முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். போனது ஒரு புள்ளி மட்டுமல்ல. சரியாகக் கேட்ட ஒரு பிள்ளையிடம், "உன் காதை நம்பாதே" என்று நாம் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் ரைம் என்பது காதின் சங்கதி. சொல்லில் அழுத்தம் விழும் கடைசி உயிரோசையிலிருந்து முடிவு வரை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வரும் மெய்யோசை வேறுபட வேண்டும். இவ்வளவுதான் விதி. எழுத்துக்கூட்டல் இதில் சாட்சி சொல்ல வராது. உணவைக் குறிக்கும் ஃபூட், நல்ல என்னும் குட், இரத்தம் என்னும் ப்ளட் ஆகிய மூன்றும் இரண்டு 'ஓ', ஒரு 'டி' கொண்டே முடிகின்றன. ஓசையோ மூன்று விதம். உயரம் என்னும் ஹைட், நிறை என்னும் வெய்ட்டைப் போல எழுதப்படுகிறது; ஆனால் பட்டம் என்னும் கைட்டோடுதான் ஓசையில் சேர்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1476இல் கக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவியபோது ஆங்கில உயிரோசைகள் பெரும் மாற்றத்தில் இருந்தன. ஓசை மாறிக்கொண்டே போயிற்று, எழுத்து அச்சில் உறைந்து நின்றது. ஆங்கிலேயருக்கே இது தலையிடிதான். 1775இல் ஜோன் வோக்கர் வெளியிட்ட அகராதி சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. 1936இல் கிளெமென்ட் வூட் வெளியிட்ட ரைம் அகராதியோ ஓசையின்படி அடுக்கியது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு ரைம் தேடுவது போதாது என்பதை அவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். நம்முடைய வினாத்தாள்கள் இன்னும் காணவில்லை.

நமது இலக்கிய நண்பர்களிடமிருந்து வேறொரு குரல் வருகிறது. "வெள்ளைக்காரனின் தொட்டில் பாட்டு நம் பிள்ளைகளுக்கு எதற்கு? இலக்கணத்தைப் படிப்பித்துச் சாதாரண தரத்தில் சித்தியடையச் செய்யுங்கள்" என்கிறார்கள். இன்னும் சிலர், "ஆங்கிலக் கவிஞர்களே ரைமைக் கைவிட்டுவிட்டார்களே" என்கிறார்கள்.

முதலாமவருக்குச் சொல்கிறேன். 1983இல் பிராட்லி, பிரையன்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, சிறு வயதில் ஓசையொப்புமையை இனங்காணும் திறனுக்கும் பின்னர் வாசிக்கக் கற்பதற்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. ஆகவே ரைம் வாசிப்புக்கான அத்திவாரங்களில் ஒன்று. அத்திவாரமில்லாமல் இலக்கணக் கூரையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறோம். அது தலையில் விழுந்ததும் "கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறாது" என்கிறோம்.

இரண்டாமவருக்கும் பதில் உண்டு. ரைமைச் சாடி மில்டன் 1668இல் தன் காவியத்துக்கு ஒரு முன்குறிப்பே எழுதினார். உண்மைதான். ஆனால் அதே மில்டன் அருமையான ரைம் கவிதைகளை எழுதியவர். கைவசம் உள்ளதைத்தான் கைவிட முடியும். கேட்கவே பழகாதவன் எதைத் துறப்பது?

நம் பிள்ளைகளுக்கு இந்தக் காது புதிதும் அல்ல. தொல்காப்பியர் மோனை, எதுகையோடு அடியின் இறுதி ஒன்றும் இயைபையும் சொல்லிவைத்தார். பாடம், மாடம், கூடம் என்று நாம் எதுகை காட்டும்போது முதலெழுத்து மாறி அடுத்த எழுத்து ஒன்றி வருகிறது. ஆங்கில ரைமிலும் முன்னே நிற்பது மாறிப் பின்னே வருவது ஒன்றுகிறது. ஆனால் எதுகை அடியின் தலையில் நிற்கும், ரைம் வாலில் நிற்கும். சீறாப்புராணத்தின் விருத்தங்களை ஓசையோடு ஓதிய வாப்பாமாரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். வயற்காட்டில் கவி கேட்டு வளர்ந்த சமூகம் இது. காலையில் ஓதப் போகும் ஐந்து வயதுப் பிள்ளை சூரத்துல் இக்லாஸின் நான்கு வசனங்களும் ஒரே ஓசையில் முடிவதைத் தன் நாவிலேயே உணர்கிறது. குர்ஆன் கவிதையல்ல, அதனால்தான் அறிஞர்கள் அதன் வசன முடிவைக் கவிதைக்குரிய காஃபியா என்னும் சொல்லால் குறிக்காமல் ஃபாஸிலா என்றார்கள். அந்த வேறுபாட்டை மதிக்கிறேன். நான் பேசுவது அந்த ஓதலில் பண்பட்ட காதைப் பற்றி. அந்தக் காதோடு எட்டு மணிக்கு வகுப்புக்கு வரும் பிள்ளையை, "கேளாதே, எழுத்தைப் பார்" என்று நாம் செவிடாக்குகிறோம்.

இங்கே நம் கையிலுள்ள ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி மனனம் செய்விக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பூனைக்கும் கேட், வாயிற்கதவுக்கும் கேட் என்று எழுதுகிறோம். ஆங்கிலக் காதில் பூனை தொப்பியோடு சேரும், வாயிற்கதவு சேராது. நேஷனும் ஃபேஷனும் தமிழெழுத்தில் அச்சொட்டான சோடி. ஆங்கிலத்தில் அவை ரைமே அல்ல. இந்தக் கட்டுரையிலும் எனக்கு அதே சங்கடம்தான். தாளில் எழுதிக் காட்டுவதை விட வாயால் சொல்லிக் காட்டுவதே வழி.

வழி மிக இலகு. ஒரு சொல்லை எடுங்கள், வெளிச்சம் என்னும் லைட். அதன் தலையைத் தட்டிவிட்டால் எஞ்சுவது ஐட். அதன் முன்னே ஒவ்வொரு மெய்யோசையாக வைத்துப் பிள்ளைகளையே சொல்லவிடுங்கள்: பைட், ஃபைட், கைட், நைட், ரைட், வைட். பிறகு கூட்டோசைகள்: பிரைட், ஃப்ளைட். பொருளில்லாத சொல் வந்தால் சிரிக்கட்டும், ஒதுக்கட்டும். எல்லாம் வாயில் வந்த பிறகே கரும்பலகையில் எழுதுங்கள். அப்போது ஒரே ஓசைக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இதற்குக் கணினியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். பிறகு இரண்டு அடி எழுதச் சொல்லுங்கள். பொருளை முதலில் நினைத்து அதற்கு ஓசையைத் தேடட்டும். ஓசைக்காகப் பொருளை வளைக்கும் வேலையை நம் மேடைக் கவிஞர்கள் போதுமான அளவு செய்கிறார்கள்.

ஆங்கில தினப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தெரிந்து, பொருளறியாப் பாட்டைக் கையசைவோடு ஒப்புவிக்கச் செய்து கிண்ணம் வாங்குவது ஆங்கிலம் படிப்பிப்பது ஆகாது. அந்த ஒரு பிள்ளை மேடையில் நிற்க, மீதி முப்பது பிள்ளைகள் கைதட்டுவதை மட்டுமே கற்கிறார்கள்.

வினாத்தாள் தயாரிப்போரிடம் ஒன்றே கேட்கிறேன். ரைம் வினா ஒன்றை எழுதினால், விடையை எழுதுமுன் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் தாளில் நான் பிழையை வெட்டிச் சரி போட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அதே விடையை எழுதிப் பிழை வாங்கிய மற்றப் பிள்ளைகளின் தாள்களை யார் திருத்துவது?